கோவிச்சுக்கிட்ட பொண்டாட்டி

அருங்காட்சியகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசலில் சீட்டுக் கிழிக்கிறவரிலிருந்து மாடியில் உட்கார்ந்திருக்கும் தலைமை அதிகாரி அம்மா வரைக்கும் எல்லாருக்கும் அவர் ரேடியோதான். காலையில் கையெழுத்துப் போடும்போது திறக்கிற வாய், சாயங்காலம் சீருடையை மாற்றிக்கொண்டு கிளம்பும்வரை மூடாது. "இதுக்கு ஆஃப் சுவிட்ச் எங்கப்பா இருக்கு?" என்று காவலாளிகள் கேட்பார்கள். "பொண்டாட்டி கையில இருக்கு. வரும்போது வாங்கிட்டு வர மறந்துட்டேன்" என்பார்.

வழிகாட்டி வேலை. அதிலும் அவருக்கு வாய்த்தது நாணய அறை. யாரும் ஆசைப்பட்டுக் கேட்கிற அறை இல்லை அது. கீழ்த்தளத்தில் திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. அடுத்த கூடத்தில் ராஜா ராணிகளின் உடுப்புகள் இருக்கின்றன. அதையெல்லாம் பார்த்து முடித்து, கால்வலியோடு வருகிற கூட்டம், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கும் ரோமானிய வெண்கலக் காசுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டு போய்விடும். முன்பிருந்த வழிகாட்டி, பாவம், நன்றாகப் படித்த மனுஷர். பேரரசர்களின் பெயர்களை வரிசை பிசகாமல் ஒப்பிப்பார். கேட்கிறவர்கள் நின்றுகொண்டே தூங்குவார்கள்.

ரேடியோ வந்த பிறகு கதை மாறியது. காசிலிருந்த உருவங்களுக்கெல்லாம் அவர் வாய் கொடுத்தார்.

இரட்டை முகத் தெய்வம் பொறித்த காசுக்கு முன்னால் நின்று, "முன்னால ஒரு முகம், பின்னால ஒரு முகம். உங்க ஆபீஸ்ல இப்படி யாராவது உண்டா? கையத் தூக்கிடாதீங்க, பக்கத்துலயே நிப்பாங்க" என்பார். அதே காசின் மறுபக்கத்தில் கப்பலின் முன்பாதி மட்டும் இருக்கும். "மீதிக் கப்பல் எங்கேன்னு கேக்காதீங்க. அரசாங்க கான்ட்ராக்ட்டு." இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாயைக் காட்டி, "ஓநாயே ரெண்டைச் சமாளிச்சிருக்கு. நமக்கு ஒண்ணுக்கே நாக்குத் தள்ளுது" என்பார். தராசும் கையுமாக நிற்கும் பெண் தெய்வம் வந்தால், "பாருங்க, தராசு நேரா நிக்குது. இந்த ஒரு காரணத்துக்காகவே கும்பிட்டிருப்பாங்க" என்பார். கூட்டம் குலுங்கும். வெளியே போகிறவர்கள் அடுத்தவர்களிடம் சொல்லி அனுப்புவார்கள். திமிங்கலத்தைப் பார்க்காமல் நேராக நாணய அறைக்கு வருகிறவர்களும் உண்டானார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் சிரிப்பு வாங்கியது ஏழாம் பெட்டி.

அதில் ஒரே ஒரு காசுதான். உள்ளங்கைக் குழியை அடைக்கிற அளவு பெரியது. பின்பக்கம் தெரியும்படி நிறுத்தி, மேலே ஒரு பூதக்கண்ணாடியையும் பொருத்தியிருந்தார்கள். நடுவில் ஒரு பேரீச்சை மரம். மரத்தின் இந்தப் பக்கம் ஈட்டியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி எதன் மேலோ வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் ஆண். அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, தலையைக் கையில் தாங்கியிருக்கும் பெண்.

"இது என்ன சீன்னு தெரியுதா?" என்று ரேடியோ குரலைத் தாழ்த்துவார். "புருஷன் பொண்டாட்டி சண்டை. அந்த ஆளு நிக்கற நிப்பப் பாருங்க. 'போறதுன்னா போ'ங்கறான். இந்தம்மா அம்மா வீட்டுக்குப் போறேன்னு பொட்டியத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிச்சு, பஸ்ஸு போயிடுச்சு. மரத்தடியில உக்காந்தது உக்காந்ததுதான். ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு, இன்னும் சமாதானம் ஆகல. பொம்பளைங்க கோவத்தை வெண்கலத்துல அடிச்சு வெச்சது இவனுங்கதான்!"

கணவர்கள் மனைவிகளை இடிப்பார்கள். மனைவிகள் கணவர்களைக் கிள்ளுவார்கள். அருங்காட்சியகத்தில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: கோவிச்சுக்கிட்ட பொண்டாட்டி.

பெட்டியின் அடியில் ஒரு விளக்கச் சீட்டு ஒட்டியிருந்தது. 'போரில் தோற்கடிக்கப்பட்ட நாடு, துக்கத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணாக. எதிரே வென்ற பேரரசர். அவர் காலடியில் தோற்றவரின் தலைக்கவசம்.' ரேடியோ அதை முதல் நாளே படித்திருந்தார். வேலையில் சேர்ந்த புதிதில் ஒருமுறை அதை உள்ளபடியே சொல்லியும் பார்த்தார். கேட்டவர்கள் முகம் வாடி, சாவு வீட்டிலிருந்து நழுவுகிறவர்கள் மாதிரி அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்குப் பஸ் கதையைச் சொன்னார். அப்புறம் சீட்டின் பக்கம் அவர் பார்வை போகவேயில்லை.

வீடு பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில். ஒரு அறை ரேடியோவுக்கும் மனைவிக்கும். இன்னொன்று தம்பிக்கும் தம்பி மனைவிக்கும். தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வேலைக்காக வேறொரு நகரத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பியபோது கூடவே அவளையும் அழைத்து வந்தான். அங்கேயே பதிவுத் திருமணம் முடித்திருந்தார்கள். "போர் நடந்த ஊரு அண்ணே. சொந்தம்னு யாரும் இல்ல. இதுக்கு மேல அவகிட்ட எதுவும் கேக்காத" என்றான். ரேடியோவும் கேட்கவில்லை. கேட்பது அவருக்கு வராத வேலை, சொல்வதுதான் வரும்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கண்ணாடி வில்லைகளைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துகிற வேலை. வீட்டில் அதிகம் பேசமாட்டாள். எங்கே உட்கார்ந்தாலும் வாசல் தெரிகிற மாதிரிதான் உட்காருவாள். "என்னம்மா, டிக்கெட் செக்கர் வராரான்னு பாக்கறியா?" என்று ரேடியோ கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க வீட்டு அமைதிப்பூங்கா" என்று பெயர் வைத்தார். சாப்பாட்டு மேசையில் அவளைச் சிரிக்க வைப்பது அவருக்குத் தினசரிக் கடமை ஆயிற்று. மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவள் மட்டும் தட்டுக் காய உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"அந்தப் பொண்ணை ரொம்பச் சீண்டாதீங்க" என்று மனைவி எச்சரித்தாள். "கொட்டின நெல்லை அள்ளிடலாம். சொல்லை அள்ள முடியாது."

"அள்ளவே வேணாம்னுதான் ரெக்கார்டே பண்ணப் போறாங்க" என்றார் ரேடியோ.

அது உண்மைதான். அருங்காட்சியகத்தில் காதுக்கருவி கொண்டுவரப் போவதாக ஏற்பாடு. வருகிறவர்கள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு பெட்டியின் எண்ணை அழுத்தினால் விளக்கம் கேட்கும். நாணய அறைக்கு ரேடியோவின் குரல்தான் வேண்டும் என்று தலைமை அதிகாரி அம்மாவே சொல்லிவிட்டார். தனி அறையில் உட்கார்ந்து பேசினால் அந்தக் கலகலப்பு வராது. ஊழியர்களின் குடும்பங்களை அழைக்கிற நாளில், நிஜக் கூட்டத்தின் முன்னாலேயே பதிவு செய்துவிடலாம், சிரிப்புச் சத்தமும் சேர்ந்து வரட்டும் என்று முடிவாயிற்று.

இதைக் கேட்டதும் தம்பி மனைவி, அதிசயமாக, தானே வாய் திறந்து கேட்டாள். "மாமா, நானும் வரலாமா? நீங்க வேலை செய்யறதைப் பாக்கணும்."

"வரலாமாவா? நீ வராம கச்சேரியே கிடையாது" என்றார் ரேடியோ.

அன்று சட்டைக் காலரில் மைக்கைக் குத்தினார்கள். அறை நிரம்பி வாசல்வரை கூட்டம். முன்வரிசையில் தலைமை அதிகாரி அம்மா. ஓரமாக மனைவி, தம்பி, தம்பி மனைவி. ரேடியோவுக்கு நாக்கில் சரஸ்வதி குடியேறிய மாதிரி இருந்தது. இரட்டை முகத்துக்குக் கைதட்டல். பாதிக் கப்பலுக்குத் தலைமை அதிகாரி அம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஏழாம் பெட்டி வந்தது. குரலைத் தாழ்த்தினார், பொட்டியைத் தூக்கினார், பஸ்ஸை விட்டார். அறை அதிர்ந்தது.

சிரிப்பு அடங்கக் கூட்டம் எட்டாம் பெட்டிக்கு நகர்ந்தது. ஒருத்தி மட்டும் நகரவில்லை. தம்பி மனைவி பூதக்கண்ணாடியின் மேல் குனிந்து நின்றிருந்தாள். இவ்வளவு கவனமாகப் பார்க்கிறாளே என்று ரேடியோவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உற்சாகம் தலைக்கேறி, எல்லாருக்கும் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"என்னம்மா அமைதிப்பூங்கா! அந்தம்மாவுக்கு ஆறுதல் சொல்றியா? சீக்கிரம் சொல்லிட்டு வா, இல்லேன்னா நீயும் அங்கேயே உக்காந்துடப் போறே!"

கூட்டம் மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தது.

அவள் நிமிர்ந்தாள். அத்தனை முகங்களையும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், பல் தெரிய, சிரிக்கச் சொன்னதும் சிரிக்கிற சிரிப்பு. அதை ரேடியோ அதற்குமுன் அவள் முகத்தில் பார்த்ததில்லை. ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரிந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. அதுபாட்டுக்கு எட்டாம் பெட்டிக்குப் போய்விட்டது. தம்பி அவள் தோளைத் தொட்டு வெளியே அழைத்துப் போனதைப் பேசிக்கொண்டே பார்த்தார். மனைவியும் அவர்கள் பின்னால் போனாள். கடைசிக் காசுவரை ஒரு சொல் பிசகாமல் பேசி முடித்துக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். அன்று நடந்ததில் இதுதான் பிற்பாடு அவரை அதிகம் அரித்தது. தெரிந்த பிறகும் பேசி முடித்தோமே என்பது.

வீட்டுக்குப் போனபோது தம்பி கட்டடத்தின் கீழே, ஸ்கூட்டர்கள் நிறுத்துகிற இடத்தில் நின்றிருந்தான். மேலே போகவிடாமல் மறித்தான்.

"அண்ணே, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

"என்னடா, நான் ஏதாவது…"

"நீ கொஞ்சம் சும்மா கேளு. அவங்க ஊரு விழுந்த அன்னிக்கு, மிச்சம் இருந்த பொம்பளைங்களை எல்லாம் ரோட்டோரம் தரையில உக்கார வெச்சானுங்க. பக்கத்துல துப்பாக்கியோட நின்னு, அவங்க வீட்டுச் சாமான் மேலயே கால வெச்சுக்கிட்டு போட்டோ எடுத்தானுங்க. ஜெயிச்சோம்னு காட்டறதுக்கு. அப்புறம் அதைப் பெருசு பெருசா அடிச்சு ஊரெல்லாம் ஒட்டினானுங்க. அதுல முன்னால உக்காந்திருக்கறது அவ அம்மா. அவங்க திரும்பி வரல. அம்மா போட்டோன்னு அவகிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான். சுவத்துலேருந்து கிழிச்சு எடுத்தது."

ரேடியோ பக்கத்திலிருந்த ஸ்கூட்டரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"அவ எதுவும் சொல்லல. அழக்கூட இல்ல. 'மாமாகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க, பாவம், வேலையில இருந்தாரு'ன்னு சொன்னா" என்றான் தம்பி. பிறகு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு எங்கேயோ போய்விட்டான்.

மாடிப்படி ஏறுவது அன்றைக்கு ரேடியோவுக்கு மலை ஏறுவதாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் அவர் சொன்ன ஒரு நகைச்சுவை நின்று அவரைப் பார்த்தது. டிக்கெட் செக்கர். அமைதிப்பூங்கா. வாசலைப் பார்த்து உட்காருகிறவளிடம் டிக்கெட் செக்கர் என்றோமே. போரிலிருந்து தப்பி வந்தவளுக்குப் பூங்கா என்று பெயர் வைத்தோமே. காது மடல் சுட்டது. யாரோ நடுத்தெருவில் வேட்டியை உருவிவிட்ட மாதிரி, இரண்டு கையாலும் எதையோ மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எதை மூடுவதென்றுதான் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு நொடி ஆயிற்று. கேட்கத்தான் நாள்கள் ஆயின. வாயால் பிழைக்கிற மனுஷருக்கு, வேண்டிய நேரத்தில் வாய் காலை வாரிவிட்டது. ஒரு விடுமுறைக் காலையில் மொட்டைமாடியில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பின்னாலேயே போய் நின்றார். அவள் திரும்பி, "என்ன மாமா?" என்றாள்.

"இல்ல… துணி காயறதுக்கு வெயிலு நல்லா இருக்கு. வெயிலுக்கு மட்டும் சம்பளம் குடுத்தா…" என்று ஆரம்பித்தார். பழக்கம்! தன் வாயைத் தானே அறையலாம் போல இருந்தது. நிறுத்தினார். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, அன்னிக்கு நான் தெரியாமப் பேசிட்டேன். தம்பி சொன்னான். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சத்தியமா…"

அவள் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப்பை மாட்டினாள்.

"என் விஷயம் உங்களுக்குத் தெரியாது மாமா. அது சரி" என்றாள். "ஆனா அந்தம்மா விஷயம் தெரியுமே. கீழ சீட்டுல எழுதியிருந்துச்சே. நான் படிச்சேன்."

குரலில் கோபமே இல்லை. வில்லையில் கீறல் இருக்கிறது என்று வாடிக்கையாளருக்குக் காட்டுகிற மாதிரிதான் சொன்னாள். ரேடியோ அந்த ஒரு சொல்லைத்தான் நம்பி மாடி ஏறியிருந்தார். 'தெரியாமல்.' அதையும் அவர் கையிலிருந்து அவள் மெல்ல வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். இனி ஒதுங்க ஒரு நிழலும் இல்லை. தலையை ஆட்டினார். வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு, அதையாவது சுமக்கலாம் என்பது போல, கீழே இறங்கினார்.

மறுநாள் நேராகத் தலைமை அதிகாரி அம்மாவின் அறைக்குப் போனார்.

"ஏழாம் நம்பரை மட்டும் எடுத்துடுங்கம்மா. வேற மாதிரி பேசித் தர்றேன்."

"கோவிச்சுக்கிட்ட பொண்டாட்டியையா?" அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதுதான்யா இருக்கறதுலயே உசத்தி. கடைசியில ஒரு பொண்ணைக் கூப்பிட்டுக் கலாய்க்கறீங்க பாருங்க, அந்த இடத்துல கூட்டம் சிரிக்கற சிரிப்பு! அதை அப்படியே வெச்சிருக்கோம்."

அந்தக் கேலியும் பதிவில் இருக்கிறது என்பது ரேடியோவுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஏன், யாராவது புகார் சொன்னாங்களா?"

"இல்லம்மா. அந்தப் பொண்ணு என் தம்பி…" என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். போர், ரோட்டோரம், சுவரொட்டி எல்லாவற்றையும் சொன்னால் இந்த அம்மா கண்கலங்கி அந்த நிமிஷமே எடுத்துவிடுவார். மத்தியானச் சாப்பாட்டில் அடுத்த மேசைக்கும் சொல்வார். ஏற்கெனவே கூட்டத்தின் நடுவில் ஒருமுறை நிறுத்தினோமே அவளை, நம் காரியம் ஆக இன்னொருமுறை நிறுத்துவதா?

"அது பொய்யிம்மா" என்றார். "சீட்டுல வேற எழுதியிருக்கு. எனக்கு முதல் நாள்லேருந்தே தெரியும்."

"எல்லாருக்கும்தான் தெரியும். தமாஷ்னு புரியாதா ஜனங்களுக்கு? அடுத்த தடவை மாத்தும்போது பாத்துக்கலாம்" என்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

காதுக்கருவிகள் வந்துவிட்டன. வழிகாட்டி பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ரேடியோவுக்கு அறை மூலையில் ஒரு நாற்காலி போட்டார்கள். யாரும் கண்ணாடியைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அங்கே உட்கார்ந்துதான் அவர் அதைப் பார்த்தார். ஒருவர் பின் ஒருவராக ஏழாம் பெட்டிக்கு வருவார்கள். எண்ணை அழுத்துவார்கள். அறையில் ஒரு சத்தமும் இருக்காது. காசைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். திடீரென்று முகம் மலரும், தோள் குலுங்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஒரு சிரிப்பு வரும். அந்த இரண்டாவது சிரிப்பு எதற்கு என்று அவருக்குத் தெரியும். காலையிலிருந்து மாலைவரை, முன்பின் தெரியாத ஆட்கள், தரையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்துவிட்டுப் போனார்கள். எழுந்து நடந்து பார்த்தார். முதுகைக் காட்டி உட்கார்ந்தும் பார்த்தார். முதுகுக்கும் தெரிந்தது.

வீட்டில் தம்பி வேறு வீடு பார்த்துவிட்டான். "கடைக்குப் பக்கம் அண்ணே. அவளுக்கு அலைச்சல் மிச்சம்" என்றான். காரணம் அதுவாகவும் இருக்கலாம். ரேடியோ குறுக்கே பேசவில்லை. கட்டிலையும் பீரோவையும் வண்டியில் ஏற்றக் கூடமாட நின்று உதவினார். அவள் கிளம்பும்போது, "வரேன் மாமா" என்றாள். "சரிம்மா" என்றார். அன்று முழுவதும் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான் என்று மனைவி பிற்பாடு சொன்னாள்.

அதற்கப்புறம் அவர் செய்தது புத்திசாலி செய்கிற காரியம் இல்லை. ஏழாம் பெட்டியின் முன்னால் போய் நின்றுகொண்டார். யாராவது வந்தால், "இது வேலை செய்யல, அடுத்ததுக்குப் போங்க" என்றார். "கருவி வேலை செய்யுதே" என்றால், "காசு வேலை செய்யல" என்றார். ஒரு நாள் ஒரு ஆள் காதில் கேட்டுச் சிரித்ததும், அவர் கையிலிருந்த கருவியை ரேடியோ பிடுங்கி அணைத்துவிட்டார். ஆள் சத்தம் போட்டார். காவலாளிகள் ஓடி வந்தார்கள். "ஆஃப் சுவிட்சு கிடைச்சிடுச்சு போல" என்று ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

தலைமை அதிகாரி அம்மா கூப்பிட்டு நிறுத்தினார். "உங்களுக்கு என்னதான் ஆச்சு? வேலையை விட்டு எடுக்கணுமா?"

"எடுக்கறதுன்னா எடுங்கம்மா. என் குரலையும் சேர்த்து எடுத்துடுங்க" என்றார் ரேடியோ. "அந்தக் காசை அடிச்சவன் அவளைக் கேவலப்படுத்தறதுக்குன்னே அடிச்சான். ஊரு ஊரா, கை கையா அந்த அவமானம் போகணும்னு அடிச்சான். நான் ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு வந்து அவனுக்குச் சம்பளம் வாங்காம வேலை பாத்திருக்கேன். எனக்கு வெக்கமா இருக்கும்மா."

அந்த அம்மா மேசைமேல் இருந்த பேனாவை உருட்டினார். ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பதிவு செய்கிற ஆளை வரச் சொன்னார். கருவியைப் பிடுங்கியதற்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். அது நியாயம்தான் என்று ரேடியோ வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

புதுப் பதிவு லேசில் முடியவில்லை. சீட்டில் இருந்ததை எளிமையாக எழுதிக் கொண்டுபோயிருந்தார். படிக்க ஆரம்பித்தால் பதிவுக்காரர் கையைத் தூக்குவார். "சார், ஏதோ ஜோக் சொல்லப் போற மாதிரி ஆரம்பிக்கறீங்க." மறுபடி ஆரம்பிப்பார். மறுபடி கை. 'ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்' என்று சொல்லும்போதே தன் குரல் கடைசியில் கொக்கி மாதிரி வளைந்து மேலே போவதை ரேடியோ காதுக்கருவியில் கேட்டார். இத்தனை வருஷம் அந்தக் கொக்கியில்தான் ஆட்களைப் பிடித்திருக்கிறார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, கேட்கிறவர் என்று ஒருத்தியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தார். குரல் தடுமாறியது. பதிவுக்காரர் அப்படியே போதும் என்றுவிட்டார்.

இப்போது ஏழாம் பெட்டியில் யாரும் சிரிப்பதில்லை. பாதிப் பேர் முழுதும் கேட்பதுமில்லை. முகம் சுளித்து அடுத்த எண்ணை அழுத்திவிட்டுப் போகிறார்கள். மூலை நாற்காலியிலிருந்து ரேடியோ பார்த்துக்கொண்டிருப்பார். இதைத் தம்பியிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால், பார்த்தாயா நான் செய்ததை என்று கை நீட்டுவதாகிவிடும்.

கொஞ்ச காலம் கழித்துத் தம்பி வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தான். சின்ன வீடு, சுத்தமாக இருந்தது. மனைவி பேசிக்கொண்டிருந்தாள், ரேடியோ தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பரிமாறிக்கொண்டே வந்த தம்பி மனைவி அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா இப்பல்லாம் பேசறதே இல்லையாமே, அக்கா சொன்னாங்க."

"பேசி என்னம்மா ஆகப்போகுது" என்றார், நிமிராமல்.

"எங்கம்மா உங்கள மாதிரியே, மாமா" என்றாள் அவள். தம்பி கையைக் கழுவப் போனவன் அப்படியே நின்றான். "பட்டன், நூல் விக்கற கடை வெச்சிருந்தாங்க. கடைக்கு வர்ற ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரையும் மாதிரி நடிச்சுக் காட்டுவாங்க. வாய் மூடாது. பக்கத்துக் கடைக்காரர் பஞ்சு வெச்சுக் காதை அடைச்சுக்குவாரு. உங்க வீட்டுக்கு வந்த புதுசுல, நீங்க பேசறப்போ எனக்கு அதான் நினைப்பு வரும். அதனாலதான் எழுந்து போகாம உக்காந்திருப்பேன்."

துணி உலர்த்திய அந்தக் காலையில்கூட ரேடியோ இவ்வளவு குறுகிப்போனதில்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அது மரியாதை என்று தெரிந்தது. தண்ணீர் டம்ளர்வரைதான் கண் போயிற்று.

"அம்மா யாரை மாதிரி நல்லா நடிப்பாங்க?" என்று கேட்டார். பதிலுக்காக அவளிடம் அவர் முதல்முதலாகக் கேட்ட கேள்வி.

அவள் யோசித்தாள். ஒரே ஒரு பட்டன் வாங்க வந்து கடையிலிருக்கிற அத்தனை டப்பாவையும் திறக்கச் சொல்லுகிற ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நன்றாகவே சொல்லவில்லை. நடுவில் மறந்து, முன்னால் போய், திரும்பி வந்து, சிரிப்பு வரவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று ரேடியோவுக்கு ஒவ்வொரு இடமும் தெரிந்தது. ஒரு இடத்திலும் அவர் வாய் திறக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை சாப்பிட்ட கை காய உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.